கம்பிக்கு இரு பக்கமும்: முதிய கைதிகளும் வார்டர்களும் கேட்கும் நியாயம்

1999 நவம்பர் 17. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் அப்போது இயங்கிய சென்னை மத்தியச் சிறைக்குள் ஒரு சாவுச் செய்தி பரவியது. அரசுப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டிருந்த ‘பாக்ஸர்’ வடிவேலு என்ற கைதி இறந்துவிட்டார். உடம்புக்கு முடியாமல் இறந்தார் என்றது நிர்வாகம். நிர்வாகம்தான் கொன்றது என்று நம்பினார்கள் கைதிகள். சிறை பற்றி எரிந்தது. துணை ஜெயிலர் ஜெயக்குமார் உயிரோடு எரிக்கப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் மாண்டார்கள். 2006இல் சிறை புழலுக்கு மாறியது, 2009இல் பழைய கட்டடத்தையும் இடித்தாகிவிட்டது. 2024இல் வந்த ‘சொர்க்கவாசல்’ படம் பார்த்த இளைஞர்களுக்கு அந்த நாள் ஒரு கதையாகத்தான் தெரியும்.

அந்தக் கலவரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ரவுடிகளைப் பற்றிப் பேசுவார்கள், கோஷ்டி மோதலைப் பற்றிப் பேசுவார்கள். அது தொடங்கிய இடத்தை மட்டும் மறந்துவிடுவார்கள். ஒரு கைதியின் உடல்நிலை பற்றி நிர்வாகம் சொன்னதை உள்ளே இருந்தவர்கள் நம்பவில்லை. அந்த அவநம்பிக்கைக்கு உயிரைக் கொடுத்தவர் காக்கிச் சட்டையில் வேலைக்கு வந்த ஒரு மனிதர். கைதிக்குக் கிடைக்கும் வைத்தியமும் காவலரின் பாதுகாப்பும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் சிறைச் சீர்திருத்தம் என்று பேச்செடுத்தாலே நாம் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்கிறோம். கைதிக்காகப் பேசுகிறவர் வார்டரைக் கொடுமைக்காரராகவே பார்க்கிறார். வார்டருக்காகப் பேசுகிறவர், ‘குத்தம் பண்ணிட்டு வந்தவனுக்கு எதுக்கு வசதி?’ என்று கேட்கிறார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் தப்பித்துக்கொள்வது அரசாங்கம். எழுபது வயதுக் கைதி கீழே விழுவதும், அவரைத் தூக்க அந்த நேரத்தில் ஒரே ஒரு வார்டர் இருப்பதும் ஒரே அலட்சியத்தின் விளைவுகள்.

ஐம்பதும் எண்பதும் ஒரே கட்டத்தில்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சிறைப் புள்ளிவிவரம் வெளியிடுகிறது. 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5.73 லட்சம் பேர், இடமோ 4.36 லட்சம் பேருக்கு. நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், தீர்ப்பு வராதவர்கள். வயது வாரியான பட்டியலும் அதில் உண்டு: 18 முதல் 30, 30 முதல் 50, அப்புறம் ‘50க்கு மேல்’. அதோடு முடிந்தது. ஐம்பத்தொரு வயதில் திடமாகத் தறி நெய்கிறவரும், எண்பத்திரண்டு வயதில் எழுந்து நிற்க ஆள் தேடுகிறவரும் ஒரே கட்டத்தில் அடைபட்டிருக்கிறார்கள்.

தண்டனைக் கைதிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அந்தக் கட்டத்தில் வருகிறார், 27 ஆயிரம் பேருக்கு மேல். விசாரணைக் கைதிகளில் 50 வயதைத் தாண்டியவர்கள் இன்னும் ஒரு 44 ஆயிரம் பேருக்கு மேல். இவர்களில் எழுபது தாண்டியவர்கள் எத்தனை, படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் எத்தனை, தன் வழக்கு என்ன என்பதே மறந்துபோனவர்கள் எத்தனை என்பதை அந்தப் பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. வெளியே அறுபது வயதானால் மூத்த குடிமக்கள் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பேருந்தில், வங்கியில், ரயில் நிலையத்தில் எல்லாம் வயது ஒரு தகுதியாக இருக்கிறது. சிறைவாசலைத் தாண்டினால் அது புள்ளிவிவரத்தில்கூட இல்லை. எண்ணிப் பார்க்காத ஒருவருக்குக் கட்டில் வாங்க யார் நிதி ஒதுக்குவார்கள்?

நம் மாநிலத்தின் நிலை மற்ற மாநிலங்களைவிட மேல்தான், அதை மனதாரச் சொல்ல வேண்டும். ‘இந்திய நீதி அறிக்கை’யின் 2022, 2025 பதிப்புகள் இரண்டிலும் சிறைத்துறை வரிசையில் தமிழ்நாட்டுக்கே முதலிடம். வட மாநிலங்களைப் போல மூச்சுமுட்டும் நெரிசலும் மொத்தக் கணக்கில் இங்கே இல்லை. ஆனால் அதே 2025இல், ஜூலை மாதம், உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுச் சிறைகளுக்கு ஒரு நீண்ட உத்தரவு போட வேண்டியிருந்தது. கோவை மத்தியச் சிறையில் இருந்த மாற்றுத்திறனாளி வழக்கறிஞர் ஒருவர் தொடர்ந்த வழக்கு அது. சிறைக்கு வரும்போதே மாற்றுத்திறனாளிகளை அடையாளம் காணுங்கள், சாய்தளம் கட்டுங்கள், அவர்கள் உட்கார்ந்து எழக்கூடிய கழிப்பறை கட்டுங்கள், ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்றது நீதிமன்றம். முதலிடத்தில் இருக்கும் மாநிலத்திலேயே கழிப்பறைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. கடைசி இடத்தில் இருக்கும் மாநிலத்தின் கைதியை நினைத்தால் வயிறு கலங்குகிறது.

ஓர் உறிஞ்சுகுழலின் கதை

ஸ்டேன் சுவாமி திருச்சி மாவட்டத்துக்காரர். ஜார்க்கண்டில் பழங்குடி மக்களோடு வாழ்ந்த இயேசு சபைத் துறவி. 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வன்முறை வழக்கில் தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) அவரைக் கைது செய்தபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. நவி மும்பைக்குப் பக்கத்தில் இருக்கும் தலோஜா சிறையிலிருந்து நவம்பர் 6 அன்று அவர் நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட்டார். உறிஞ்சிக் குடிக்கும் கோப்பையும் குழலும் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. பதில் சொல்ல 20 நாள் அவகாசம் கேட்டது விசாரணை அமைப்பு.

அந்த மனுவைத் தாண்டியும் இந்தக் கதையில் பார்க்க வேண்டியது இருக்கிறது. அவரைக் குளிப்பாட்டியதும், துணி துவைத்துக் கொடுத்ததும், ஊட்டிவிட்டதும் சிறை ஏற்பாடு செய்த உதவியாளர்கள் அல்லர், உடன் இருந்த கைதிகள். 2021 மே மாதம் மும்பை உயர் நீதிமன்றத்தின் முன் காணொளியில் தோன்றியபோது, உள்ளே வரும்போது தானாக நடந்தேன், குளித்தேன், எழுதினேன், இப்போது ஒவ்வொன்றாகப் போய்விட்டன என்ற பொருளில் அவரே சொன்னார். ஜூலை 5 அன்று மருத்துவமனையில், ஜாமீன் கிடைக்காமலே இறந்துபோனார், 84 வயதில். அவர் மீதான குற்றச்சாட்டு எதுவும் நிரூபிக்கப்படவில்லை.

அவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்ததால் அந்தக் குழலின் கதையும் தெரிந்தது. இங்கேயும் அப்படித்தான்: 2001 ஜூன் 30 அன்று 77 வயது முன்னாள் முதல்வர் கருணாநிதி நள்ளிரவில் கைதாகி, சிறைவாசலில் தரையில் உட்கார்ந்த காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வயதானவரை இப்படியா நடத்துவது என்ற கேள்வி அன்று கட்சி தாண்டி எழுந்தது. அந்தக் கேள்வியைப் பெயர் தெரியாத கிழவருக்காகவும் கிழவிக்காகவும் எழுப்ப ஆளில்லை.

வழிக்காவல் வராத நாள்

வயதான கைதியின் நாளை எது தீர்மானிக்கிறது? டாக்டர் என்று நினைப்போம். பாதி நாள் அதைத் தீர்மானிப்பது வழிக்காவல்.

சிறை மருத்துவமனையில் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மருந்து கிடைக்கும். இதயத்துக்கு, கண்புரைக்கு, புரோஸ்டேட்டுக்கு வெளியே அரசு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். டாக்டர் சீட்டு எழுதுவார். சிறையிலிருந்து போலீஸுக்குத் தகவல் போகும். ஆயுதப்படையிலிருந்து வழிக்காவலுக்கு ஆள் வந்தால்தான் கைதி வெளியே போகலாம். அன்றைக்கு ஊரில் ஒரு மாநாடு, ஒரு வி.ஐ.பி. வருகை, ஒரு தேர்த் திருவிழா என்றால் ஆள் வரமாட்டார்கள். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டிய விசாரணைக் கைதிகளுக்கு முதலிடம், மருத்துவமனைக்குப் போகிறவருக்கு அடுத்த இடம். ஸ்கேனுக்கு வாங்கிய தேதி கைவிட்டுப் போகும். அடுத்த தேதிக்கு மறுபடியும் முதலிலிருந்து. போன பிறகும், நோயாளி வார்டில் சேர்க்கப்பட்டால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஷிப்டு போட்டுக் காவல் நிற்க வேண்டும். நடக்கவே முடியாத ஒருவரைத் தப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள, துப்பாக்கியோடு ஆட்கள்.

ராத்திரி அதைவிட மோசம். மாலை லாக்கப் முடிந்ததும் அறைகள் பூட்டப்படும். நள்ளிரவில் ஒரு முதியவர் கழிப்பறைக்குப் போகும்போது வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சக கைதிகள் கம்பியைத் தட்டிக் கத்துவார்கள். பிளாக்கில் பாராவில் இருக்கும் வார்டர் ஓடி வருவார். ஆனால் தன் இஷ்டத்துக்குப் பூட்டைத் திறக்க அவரால் முடியாது. பொறுப்பு அதிகாரிக்குச் சொல்ல வேண்டும், சாவி வர வேண்டும், கூட ஆள் வர வேண்டும். அது பாதுகாப்பு விதி, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்தச் சில நிமிடங்கள் வார்டருக்கும் நரகம். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருவர் முனகுகிறார், இந்தப் பக்கம் இவர் கைபிசைந்து நிற்கிறார்.

முதியவர் இறந்துவிட்டால் காவல் மரணம் என்று பதிவாகும். 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்கும். இந்த விசாரணை கட்டாயம் வேண்டும், அதில் எள்ளளவும் தளர்வு கூடாது. சாத்தான்குளம் காவல் மரணங்களைப் பார்த்த மாநிலம் இது. என் ஆதங்கம் வேறு. அன்றைக்கு யார் டியூட்டி என்ற கேள்வி முதலில் வருகிறது. அந்தச் சிறைக்கு டாக்டர் பணியிடம் ஏன் நிரப்பப்படவில்லை, மருத்துவமனைக்கு எத்தனை முறை வழிக்காவல் வராமல் போனது என்ற கேள்விகளுக்கும் அதே கோப்பில் பதில் எழுதப்பட வேண்டும். கீழே இருப்பவரிடம் விளக்கம் கேட்டு மேலே இருப்பவர்கள் நழுவக் கூடாது.

காக்கிக்குள் இருப்பவர்

நாடு முழுவதும் சிறைப் பணியிடங்கள் 91 ஆயிரத்துக்கு மேல் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. 2022 முடிவில் வேலையில் இருந்தவர்கள் 63 ஆயிரத்துச் சொச்சம் பேர். பத்து நாற்காலிகளில் மூன்று காலி. ஆறு கைதிக்கு ஒரு காவலர் என்கிறது 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு. 500 கைதிக்கு ஓர் உளவியல் ஆலோசகர் வேண்டும் என்றும் சொல்கிறது. இத்தனை லட்சம் கைதிகளுக்கு நாடு முழுக்க இருப்பது உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களுமாக 25 பேர் என்று கணக்குச் சொன்னது 2025ஆம் ஆண்டு நீதி அறிக்கை. கைதிக்கே இந்த நிலை என்றால், தூக்கில் தொங்கிய ஒருவரை இறக்கிய வார்டரிடம் ‘உனக்கு மனசு எப்படியிருக்கு?’ என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூவருக்கும் ஒரே தேர்வு. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிறது. ஒரே மைதானத்தில் ஓடி, ஒரே கயிற்றில் ஏறித் தேர்வானவர்களில், போலீஸுக்குப் போனவரை ஊர் மதிக்கிறது, தீயணைப்புக்குப் போனவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறது. சிறைக்குப் போனவரிடம் ‘ஜெயில்லயா வேலை?’ என்று ஒரு மாதிரியாகக் கேட்கிறது. இருபத்திரண்டு வயதில் சேர்ந்து அறுபதில் ஓய்வுபெறுகிற ஒருவர், எட்டு மணி நேர டியூட்டி என்று வைத்து, வார விடுப்பு, லீவு எல்லாம் கழித்துக் கணக்குப் போட்டால்கூட ஏறக்குறைய பத்து வருடங்களை மதிலுக்குள் கழிக்கிறார். டபுள் டியூட்டி அதில் சேர்த்தி இல்லை.

இவ்வளவு ஆள் பற்றாக்குறையிலும் வார்டர்கள் சிலர் அதிகாரிகளின் வீடுகளில் எடுபிடி வேலைக்கு நிறுத்தப்பட்டதாக வந்த புகாரை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கையில் எடுத்தது. அதே ஆண்டு வேலூரில், ஓர் ஆயுள் கைதியை அதிகாரி வீட்டில் வேலை வாங்கித் துன்புறுத்தியதாக வழக்குப் பதிவானது. வார்டரையும் கைதியையும் ஒரே வீட்டுவாசலில் நிறுத்துகிற இந்த மனோபாவத்தை வெள்ளைக்காரன் காலத்துச் சிறை நிர்வாகத்தின் மிச்சம் என்றே நான் சொல்வேன். 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் அடைத்துவைப்பதற்காக எழுதப்பட்டது. பராமரிப்பது அதன் நோக்கம் இல்லை. அதை மாற்ற ஒன்றிய அரசு 2023இல் ஒரு மாதிரிச் சட்டத்தை மாநிலங்களுக்கு அனுப்பியது. நீதிபதி முல்லா கமிட்டி 1983லேயே கைதிகளின் நிலையோடு ஊழியர்களின் பணி நிலையையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு பீடியும் செல்போனும் உள்ளே விடுகிற வார்டர் உண்டு. மனுப் பார்க்க வரும் ஏழைத் தாயிடம் கை நீட்டுகிறவரும் உண்டு. அவர்களுக்குத் தண்டனை வேண்டும். ஆனால் ஒரு துறையை ஆளில்லாமல், பயிற்சியில்லாமல், மரியாதையில்லாமல் வைத்துக்கொண்டு அதில் எல்லோரும் உத்தமர்களாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா?

பிறந்தநாள் வரை காத்திருக்கலாமா?

அண்ணா நூற்றாண்டையொட்டி 2008இல் 1,405 ஆயுள் கைதிகள் ஒரே வீச்சில் விடுதலையானார்கள். பிறகு எம்.ஜி.ஆர். நூற்றாண்டு வந்தது. 2021இல் மறுபடி அண்ணா பிறந்தநாளுக்கு 700 பேர் விடுதலை என்று அறிவிப்பு. எந்தக் கட்சி ஆண்டாலும் வழி இதுதான். விடுதலையான குடும்பங்களுக்கு அது தீபாவளி, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு முதியவரின் விடுதலை அவருடைய உடல்நிலையையும் நடத்தையையும் பார்த்து நடக்க வேண்டும். தலைவர்களின் பிறந்தநாளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? இந்த முறையில், குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கும் அநீதி நடக்கிறது. தன் மகனைக் கொன்றவர் வெளியே வந்ததை ஒரு தாய் பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். அவளிடம் முன்கூட்டிச் சொல்லி, அவள் சொல்வதைக் கேட்டு, காரணத்தோடு முடிவெடுக்க வேண்டும். முதியவர்களை விடுவிக்கச் சொல்கிற என்னைப் போன்றவர்கள் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துப் பேசக் கடமைப்பட்டவர்கள்.

காரணத்தோடு முடிவெடுக்கும் பக்கம் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. தகுதி வந்த கைதியின் முன்விடுதலையை அவர் மனுப் போடாவிட்டாலும் அரசே பரிசீலிக்க வேண்டும், காரணம் எழுத வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 டிசம்பர் 10 அன்று தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் முதிய கைதிகளுக்கும் தீராத நோயாளிகளுக்கும் தனி இயக்கம் தொடங்கியது. பிறகு 70 வயது தாண்டிய தண்டனைக் கைதிகளுக்காக உச்ச நீதிமன்றத்தின் கதவையும் தட்டியது.

ஆனால் கோப்பு ஓடுகிற பாதை நமக்குத் தெரியும். நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, காவல்துறையின் அறிக்கை, அறிவுரைக் கழகம், பிறகு கோட்டை. ‘ஊருக்கு வந்தால் சட்டம் ஒழுங்கு கெடும்’ என்று ஒரு வரி எழுதப்பட்டால் முடிந்தது. ஊன்றுகோலோடு நடக்கிற எழுபத்தைந்து வயதுக்காரரால் எந்தச் சட்டம் ஒழுங்கு கெடும் என்று அந்த வரியை எழுதுகிறவர் விளக்க வேண்டும். உண்மையிலேயே ஆபத்தானவராக இருந்தால் அதையும் ஆதாரத்தோடு எழுதட்டும்.

விடுதலை ஆனாலும் எங்கே போவது? மனைவி இறந்திருப்பார், பிள்ளைகள் வீடு மாறியிருப்பார்கள். ரேஷன் அட்டையில் பெயர் இருக்காது. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய சான்றுகள் ஒன்றும் கையில் இருக்காது. உள்ளே இருக்கும்போதே ஆதார், உதவித்தொகை, முதியோர் இல்லத்தில் இடம் எல்லாம் முடித்து அனுப்புவதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு வருவாய்த்துறை ஊழியர் மாதத்துக்கு ஒரு நாள் சிறைக்கு வந்தால் போதும்.

வெளியே விட முடியாதவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். ஜப்பானில் வயதான கைதிகளுக்குக் காவலர்களே டயபர் மாற்றுகிற நிலை வந்தது. கைப்பிடிச் சுவர்களோடு முதியோருக்கென்று சிறைப் பகுதிகளை அமைத்த அந்த நாடு, 2025 ஜூனில் கட்டாய உழைப்பு என்ற பழைய தண்டனை முறையையே மாற்றிக்கொண்டது. இங்கே தறியிலும், சிறை பஜாரிலும், துறை நடத்தும் பெட்ரோல் பங்க்கிலும் வேலை செய்கிற திடகாத்திரமான கைதிக்குக் கூலி உண்டு. முதியவருக்கு வேலை இல்லை, அதனால் கூலி இல்லை, கேன்டீனில் ஒரு ரொட்டி வாங்க வழியில்லை. அவரைப் பார்த்துக்கொள்கிற சக கைதியின் உழைப்பை வேலையாகக் கணக்கெடுத்துக் கூலி கொடுத்தால், வார்டரின் சுமையும் குறையும். வேலூரில் 1979 முதல் இயங்கும் சிறை நிர்வாகப் பயிற்சி அகாடமியில் முதியோர் பராமரிப்பைப் பாடமாக வைக்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுப் படியேறி பி.பி. மாத்திரை கொடுக்கிற மாநிலத்தில், அதே திட்டத்தின் இயன்முறைச் சிகிச்சையும் வலிநீக்கச் சிகிச்சையும் ஒவ்வொரு சிறை பிளாக்குக்கும் தவறாமல் போய்ச்சேர வேண்டும்.

கோவைச் சிறை காந்திபுரத்திலிருந்து பிளிச்சிக்கு மாறவிருக்கிறது. புதுக் கட்டடத்துக்குச் செங்கல் அடுக்கும்போதே தரைத்தளத்தில் முதியோர் பிளாக், கைப்பிடி வைத்த கழிப்பறை, இரவில் செவிலியர், வார்டர்களுக்கு உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை எல்லாம் வந்துவிட வேண்டும். பிறகு இடித்துக் கட்டச் செலவும் வழக்கும்தான் மிஞ்சும்.

சட்டமன்றத்தில் சிறைத்துறை மானியக் கோரிக்கை வரும்போது கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை உறுப்பினர்களின் மேசையில் வைப்பார்கள். உங்கள் தொகுதி உறுப்பினரை அடுத்த முறை பார்க்கும்போது, அன்றைக்கு எழுந்து நின்று மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டுச் சிறைகளில் எழுபது வயது தாண்டியவர்கள் எத்தனை பேர்? வழிக்காவல் இல்லாமல் கடந்த ஆண்டு தவறிப்போன மருத்துவமனைத் தேதிகள் எத்தனை? வார்டர் பணியிடங்களில் எத்தனை, எவ்வளவு காலமாகக் காலி? பதிலை எண்ணிக்கையாக அவைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.